ஆலிவ் பச்சை ஷிம்மர் நெயில் பாலிஷ்களை ஒப்பிட்டு ரிவ்யூ எழுதுவது எப்படி

ஆலிவ் பச்சை ஷிம்மர் வாங்கியவர்கள் பலரிடமும் ஒரே புகாரைக் கேட்கலாம்: பாட்டிலில் தங்கமாக மின்னியது, நகத்தில் போட்டால் சேற்றுக் கலராக இருக்கிறது. இதில் பாதிக் குற்றம் வாங்குவதற்கு முன் படித்த ரிவ்யூவின் மேல்தான். மினுக்கு இல்லாத, ஒரே நிறமான சிவப்பு கிரீம் பாலிஷுக்கு ஒரு போட்டோவும் இரண்டு வரியும் போதும். ஆலிவ் ஷிம்மருக்கு அது பத்தாது, ஏனென்றால் ஒரே பாட்டிலில் இரண்டு நிறம் இருக்கிறது. அடியில் இருக்கும் சாயம் ஒன்று, அதற்குள் மிதக்கும் மினுக்குப் பொடி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, அப்புறம் சேர்த்துப் பார்த்து எழுதினால்தான் படிக்கிறவருக்குப் பிரயோஜனம். “அழகான பச்சை, நல்லா ஷைன் ஆகுது, ஐந்துக்கு நாலு ஸ்டார்” என்பதை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் அடி நிறம். மஞ்சளில் கொஞ்சம் கறுப்பு விழுந்தாலே அது ஆலிவ் பக்கம் போய்விடும், பெயிண்ட் கலந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் ஆலிவ் என்ற பெயரில் வரும் பாலிஷ்கள் ஒன்றுக்கொன்று நிறையவே தள்ளி நிற்கும். மஞ்சள் தூக்கலாக இருப்பது ஒரு வகை, புடவைக் கடையில் மெஹந்தி பச்சை என்று எடுத்துப் போடுவார்களே, அந்த ரகம். பழுப்பு ஏறியது இன்னொரு வகை, காய்ந்த மருதாணி இலை மாதிரி. மூன்றாவது, சாம்பல் கலந்த குளிர்ந்த ஆலிவ், ராணுவ உடைப் பச்சைக்குப் பக்கத்தில் வருவது. இன்னும் கறுப்பு ஏறினால் பாட்டில் பச்சையின் எல்லையைத் தொட்டுவிடும், அங்கே போய்விட்டால் அதை ஆலிவ் என்று எழுதாதீர்கள். உங்கள் கையில் இருப்பது இதில் எது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்ணால் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும், ஆனால் மினுக்கு கண்ணை ஏமாற்றும். அதற்கு எளிய வழி, ஷிம்மர் இல்லாத ஒரு ஆலிவ் கிரீம் பாலிஷைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. 2010-இல் ஷனெல் காக்கி வகையில் மூன்று பாலிஷ் விட்டது, அதில் காக்கி வெர் என்பது பச்சை. 2011-இல் ஓ.பி.ஐ.யின் அமெரிக்கச் சுற்றுலா கலெக்‌ஷனில் ‘அ-ஓ ரோல் டவுன் த விண்டோ’ என்று ஒன்று வந்தது, அதுவும் மினுக்கே இல்லாத ஆலிவ் கிரீம். இவையேதான் வேண்டும் என்றில்லை, எந்த மலிவான ஆலிவ் கிரீமும் போதும். வெள்ளைத் தாளில் இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பூசி, காய்ந்த பிறகு பார்த்தால் உங்கள் ஷிம்மரின் அடி நிறம் மஞ்சளா, பழுப்பா, சாம்பலா என்று பளிச்சென்று தெரியும். தனியாகப் பார்க்கும்போது பச்சையாகத் தெரிந்த ஒன்று, கிரீமுக்குப் பக்கத்தில் வைத்ததும் வெண்கலமாக மாறிவிடுவது சகஜம்.

டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். மூலப்பொருள் பட்டியலில் நிறங்களுக்கு சி.ஐ. (கலர் இண்டெக்ஸ்) என்று ஒரு எண் இருக்கும். சி.ஐ. 77492 என்றால் மஞ்சள் இரும்பு ஆக்ஸைடு, 77499 கறுப்பு இரும்பு ஆக்ஸைடு, 77491 சிவப்பு. 77288 என்பது குரோமியம் ஆக்ஸைடு பச்சை, தன்னாலேயே கொஞ்சம் மங்கலான, ஆலிவ் சாயல் உள்ள பச்சை அது. 77510 என்றால் பிரஷ்யன் நீலம், 19140 என்றால் டார்ட்ரசின் மஞ்சள், இரண்டும் சேர்ந்தால் வருவது வேறு மாதிரி பச்சை, இன்னும் தெளிவாகவும் ஊடுருவும்படியும் இருக்கும். 77019 மைக்கா, 77891 டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஆனால் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் “இருக்கக்கூடும்” என்றோ கூட்டல் கழித்தல் குறி போட்டோ ஒரு வரி வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எண்கள் அந்த வரிசையில் உள்ள எல்லாக் கலருக்கும் பொதுவானவை, உங்கள் பாட்டிலில் அவை இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு “இதில் குரோமியம் இருக்கிறது” என்று அடித்து எழுதக் கூடாது.

சரி, இப்போது மினுக்கு. ஷிம்மர் என்பது பெரும்பாலும் மைக்கா என்ற கனிமத்தின் மெல்லிய சில்லுகள், அவற்றின் மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடோ இரும்பு ஆக்ஸைடோ ஒரு படலமாகப் பூசப்பட்டிருக்கும். டைட்டானியம் படலத்தின் தடிமனை மாற்றினாலே நிறம் மாறும். மெல்லியதாக இருந்தால் வெள்ளி, கொஞ்சம் ஏற்றினால் தங்கம், இன்னும் ஏற்ற ஏற்றச் சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று போகும். சாயம் எதுவும் இல்லை, வெளிச்சம் படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும்போது உண்டாகிற நிறம் அது, சோப்புக் குமிழியில் தெரிவது போல. இரும்பு ஆக்ஸைடு பூசினால் வெண்கலமும் செம்பும் கிடைக்கும். இவற்றில் எது உங்கள் ஆலிவுக்குள் இருக்கிறது என்பதுதான் ரிவ்யூவின் முக்கியமான கேள்வி. தங்கப் பொடி ஆலிவைச் சூடாக்கும். பச்சைப் பொடி அதை உயிரோடு வைத்திருக்கும். வெள்ளிப் பொடி ஆலிவில் எனக்குப் பிடிக்காது, நிறத்தையே சாம்பலாக்கிவிடும், பழைய அலுமினியப் பாத்திரத்தின் மேல் பச்சை ஏறின மாதிரி ஆகிவிடுகிறது. செம்புப் பொடிதான் எதிர்பாராத சந்தோஷம், முக்கியமாகச் சாம்பல் ஆலிவுக்குள், வெயிலில் விரலைத் திருப்பும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

நிறத்தோடு சில்லின் அளவையும் எழுதுங்கள். பொடி மிக நுண்ணியதாக இருந்தால் தனித்தனிப் புள்ளியாகத் தெரியாது, நகம் முழுக்கப் பட்டுத் துணி மாதிரி ஒரு மெழுகு மினுமினுப்பு வரும், இந்த வகையில்தான் பிரஷ் கோடுகளும் வரும். பெரிய சில்லாக இருந்தால் புள்ளி புள்ளியாக மின்னும், கோடு தெரியாது, ஆனால் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பட்டியலில் கால்சியம் அலுமினியம் போரோசிலிகேட் என்று இருந்தால் அது கண்ணாடிச் சில்லு, மைக்காவைவிடச் சுத்தமாக, கூர்மையாக மின்னும். எஸ்ஸியின் ‘ஆர்ம்ட் அண்ட் ரெடி’ மெட்டாலிக் பக்கம் சாயும் ராணுவப் பச்சை, ஸோயாவின் ‘யாரா’ ஆலிவ் அடியில் தங்கப் பொடி. இரண்டையும் ஆலிவ் ஷிம்மர் என்ற ஒரே தட்டில் வைத்துவிட்டால் வாங்குகிறவர் குழம்பிப்போவார்.

பாட்டிலில் இருக்கும் மினுக்கு நகத்தில் காணாமல் போகிறதே, அது ஏன்? பாட்டிலுக்குள் சில்லுகள் கண்ணாடிச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன, அதனால் நாம் பார்ப்பது மினுக்கின் முகத்தை நேருக்கு நேராக. நகத்தில் அவை சாயத்துக்குள் மூழ்கிவிடுகின்றன. அடி நிறம் அடர்த்தியாக இருந்தால் மேலே ஒட்டியிருக்கும் கொஞ்சம் சில்லுகள் மட்டும்தான் வெளிச்சத்தைப் பார்க்கும், மற்றதெல்லாம் சாயத்துக்கு அடியில் வீண். ஆலிவ் மாதிரி மங்கலான, கறுப்பு கலந்த நிறத்தில் இது இன்னும் அதிகம். அதனால் பாட்டில் மினுக்கு எவ்வளவு, நக மினுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவது ஒரு நல்ல பழக்கம். என்னைக் கேட்டால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாக எழுதினாலே ரிவ்யூ பாதி முடிந்தது.

வெளிச்சம்தான் எல்லாம்

பட்டுப் புடவை எடுக்கும்போது கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பாமல் வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் விரித்துப் பார்ப்போம் இல்லையா, அந்தப் புத்தி நெயில் பாலிஷுக்கும் வேண்டும். நம் வீட்டு டியூப் லைட்டுகள் பெரும்பாலும் 6500 கெல்வின், கொஞ்சம் நீலம் ஏறிய வெள்ளை. அதில் ஆலிவ் குளிர்ந்து, பச்சை தூக்கலாகவும் சாம்பலாகவும் தெரியும், தங்க மினுக்கு வெளுத்துப்போகும். ஹோட்டலிலும் படுக்கையறையிலும் இருக்கும் மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின் வரை. அங்கே அதே பாலிஷ் பழுப்பாகி, தங்கம் மட்டும் எரியும். ஒரு விளக்கில் ஒன்று போலவே இருக்கும் இரண்டு பாலிஷ்கள் இன்னொரு விளக்கில் தள்ளி நிற்பதும் உண்டு, சாயங்களின் கலவை வேறு வேறாக இருப்பதால் அப்படி நடக்கிறது. ஆலிவ் பல சாயங்களைக் கலந்து செய்கிற நிறம் என்பதால் இந்த விளையாட்டு இதில் நிறையவே உண்டு.

ஆகவே மூன்று வெளிச்சத்திலாவது பாருங்கள். ஜன்னலோரத்தில், வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சம் அடி நிறத்தைக் காட்டும். பரவலான வெளிச்சத்தில் மினுக்கு அடங்கிவிடும், சாயம் மட்டும் பேசும். நேர் வெயில் மினுக்கைக் காட்டும். மூன்றாவது, நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடத்து விளக்கு, அது ஆபீஸ் எல்.இ.டி.யோ வீட்டு டியூபோ எதுவானாலும் சரி. ராத்திரியில் எழுதுகிறீர்கள், வெயில் இல்லை என்றால் செல்போன் டார்ச்சை நகத்துக்கு மேலே பிடித்து விரலை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் சில்லுகளின் உண்மையான நிறம் அதில் வெளியே வந்துவிடும். நேராகப் பார்க்கும்போது ஒரு நிறம், சாய்க்கும்போது இன்னொரு நிறம் என்றால் அது டுவோகுரோம், அதை வெறும் ஷிம்மர் என்று எழுதாதீர்கள்.

பூசும் முறை

ஒப்பிடும் பாலிஷ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பேஸ் கோட் (அடியில் போடும் நிறமற்ற பூச்சு), ஒரே எண்ணிக்கையில் கோட், ஒரே டாப் கோட் (கடைசியாக மேலே போடும் பூச்சு). இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு செல்லாது. பச்சைச் சாயம் நகத்தில் கறை விட வாய்ப்பு அதிகம், அதனால் பேஸ் கோட் இல்லாமல் ஸ்வாட்ச், அதாவது மாதிரிப் பூச்சு, போட வேண்டாம். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள், குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறும். ஷிம்மர் சில்லுகள் அடியில் படிந்துவிட்டால் மேலே இருப்பது வெறும் சாயம், அதைப் பூசிவிட்டு “மினுக்கே இல்லை” என்று எழுதுவது அந்தப் பாலிஷுக்குச் செய்யும் அநியாயம். எவ்வளவு நேரம் உருட்டியும் அடியில் வண்டல் நிற்கிறது என்றால் அதையும் குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீலிங் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பூசாதீர்கள். எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகித்தான் பாலிஷ் காய்கிறது. காற்று வேகமாக வீசினால் மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே இருப்பது மாட்டிக்கொண்டு குமிழியாக வரும். சென்னை வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் சீக்கிரமே கெட்டியும் ஆகிவிடும், அப்படிக் கெட்டியான ஷிம்மர் பிரஷ் கோடாகத்தான் விழும். கெட்டியானதைச் சரிசெய்ய நெயில் பாலிஷ் தின்னர் சில சொட்டு போதும். அசிட்டோன் ரிமூவர் ஊற்றக் கூடாது, அது கலவையையே கெடுத்துவிடும். கோடு விழாமல் இருக்க, பிரஷை அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில், நகத்துக்கு நேர்க்கோட்டில் இழுங்கள். சில்லுகள் பிரஷ் போகும் திசையிலேயே படுக்கும். காய்கிற பாலிஷைத் திரும்பத் திரும்பத் தடவினால் அவை கலைந்து திட்டுத் திட்டாகும்.

இரண்டு பாலிஷை ஒப்பிடும்போது ஒன்றை ஒரு கையிலும் மற்றதை இன்னொரு கையிலும் போடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். ஒரே கையில் ஒரு விரல் விட்டு ஒரு விரல், ஆள்காட்டி விரலில் முதல் பாலிஷ், நடுவிரலில் இரண்டாவது, மோதிர விரலில் மறுபடி முதல், சுண்டு விரலில் மறுபடி இரண்டாவது. அப்போதுதான் கண் தானாக ஒப்பிடும். இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கட்டைவிரல் நகத்தைப் பாதியாகப் பிரித்து நடுவில் மெல்லிய டேப் ஒட்டி இரண்டு பக்கமும் பூசுங்கள். அந்த நடுக்கோட்டில்தான் உண்மை தெரியும். கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கஷ்டப்பட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பகல் வெளிச்சத்தில் கோடு மறைந்து வெயிலில் தெரிந்தால் அடி நிறம் ஒன்று, மினுக்கு வேறு.

எத்தனை கோட்டில் நகம் மறைகிறது என்பதை நகத்தில் மட்டும் பார்த்துச் சொல்வது சரியாக வராது, ஒவ்வொருவர் நகமும் ஒவ்வொரு மாதிரி. கறுப்பும் வெள்ளையும் பாதிப் பாதியாக அச்சிட்ட ஒரு தாளின் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, அதன் மேல் பூசிப் பாருங்கள். மார்க்கரால் கறுப்பு தீட்டி அதன் மேலேயே பூசினால் கரைப்பான் மையைக் கரைத்து பாலிஷோடு கலந்துவிடக்கூடும், அதற்காகத்தான் பிளாஸ்டிக். ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று படிப்படியாகப் பூசிவிட்டால் எந்த இடத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள எல்லைக்கோடு மறைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆலிவ் ஷிம்மரில் இது இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். கறுப்பின் மேல் மினுக்கு துள்ளி எழும், வெள்ளையின் மேல் அடி நிறம் தெரியும். ஆக, ஒரே தாளில் இரண்டு பாதியையும் பிரித்துப் பார்த்துவிடலாம். மெல்லிய பாலிஷாக இருந்து கறுப்பின் மேல் பிரமாதமாக இருந்தால், “கறுப்பு கிரீம் ஒரு கோட் போட்டு அதன் மேல் இதைப் போடுங்கள்” என்று யோசனை சொல்லுங்கள், வாங்கிவிட்டு ஏமாந்தவர்களுக்கு அது பெரிய உதவி.

எத்தனை நாள் தாங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது பேஸ் கோட், டாப் கோட், உங்கள் வேலை மூன்றையும் பொறுத்தது. பாத்திரம் தேய்க்கிறீர்களா, கையால் சாப்பிடுகிறீர்களா, கீபோர்டில் நாள் முழுக்கத் தட்டுகிறீர்களா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். தண்ணீரில் நகம் ஊறி விரியும், காயும்போது சுருங்கும், பாலிஷ் அந்த அசைவில்தான் நுனியிலிருந்து பெயர்கிறது. வலது கையில் மஞ்சள் தூள் பட்டு டாப் கோட் மஞ்சளாவதும் உண்டு. மஞ்சள் சாய்ந்த ஆலிவில் அது தெரியாது, சாம்பல் ஆலிவில் கொஞ்சம் கண்ணில் படும். அழிக்கும்போது பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தின் மேல் சற்று நேரம் அழுத்தி வைத்துவிட்டு இழுத்தால் சில்லுகள் தோலோரத்தில் ஒட்டாமல் வரும். தேய்த்தால் விரலெல்லாம் மினுக்கும்.

போட்டோ

செல்போன் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கும், ஆலிவ் அதில் முதல் பலி. மஞ்சளைக் குறைத்து அதைச் சாம்பலாக்கிவிடும், இல்லையென்றால் தோல் நிறத்தைச் சூடாக்கப் போய் பாலிஷைப் பழுப்பாக்கிவிடும். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி வையுங்கள், தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் நிறம் நம்பத்தக்கது. விரலால் திரையைத் தொட்டு எக்ஸ்போஷரை லாக் செய்து, கொஞ்சம் இருட்டாக்கி எடுங்கள், இல்லையென்றால் மினுக்கு வெள்ளைப் புள்ளியாக வெடித்துவிடும். ஒரு படத்தை வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்து எடுப்பதும் நல்ல உத்தி. கூர்மையான படத்தில் வெள்ளையாகத் தெரியும் சில்லுகள், மங்கலான படத்தில் பச்சை, தங்கம், செம்பு என்று தங்கள் நிறத்தோடு வட்டம் வட்டமாகத் தெரியும். ஃபில்டர் எதுவும் வேண்டாம். உங்கள் தோல் நிறத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள். மாநிறக் கையில் தங்கம் கலந்த ஆலிவ் அவ்வளவு செழிப்பாக இருக்கும், வெளிறிய சாம்பல் ஆலிவ் அதே கையை வாட்டமாகக் காட்டலாம். வெளிநாட்டு ஸ்வாட்ச் படங்களில் பெரும்பாலும் வெளிர் நிறக் கைகளையே பார்த்துப் பழகிய நமக்கு, நம் நிறத்தில் ஒருவர் போட்டுக் காட்டுவது பெரிய விஷயம்.

ஒன்றுக்கு இன்னொன்று சரியான டூப், அதாவது அச்சு அசல் மாற்று, என்று சொல்வதற்கு முன்னால் நிதானம் தேவை. 2011-இல் ஷனெல் பெரிடோ என்ற பொன்-பச்சை டுவோகுரோமை விட்டது. ஆலிவ் என்று கறாராகச் சொல்ல முடியாவிட்டாலும் அதற்கு நெருங்கிய உறவு. அடுத்த ஆண்டு ஓ.பி.ஐ.யின் ஸ்பைடர்மேன் கலெக்‌ஷனில் ‘ஜஸ்ட் ஸ்பாட்டட் த லிசர்ட்’ வந்ததும், அதைவிட விலை குறைந்த இரட்டை கிடைத்துவிட்டது என்று பலரும் கொண்டாடினார்கள். அந்த ஒப்பீடு நின்றதற்குக் காரணம், எடுத்துப் போட்டவர்கள் பாட்டிலை மட்டும் காட்டாமல் பக்கத்துப் பக்கத்து நகங்களில் போட்டு, சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்கள். அடி நிறம், மினுக்கின் நிறம், சில்லின் அளவு, சாய்க்கும்போது மாறும் விதம், கோட் எண்ணிக்கை, இந்த ஐந்தும் பொருந்தினால் தாராளமாக டூப் என்று சொல்லுங்கள். மூன்றுதான் பொருந்துகிறது என்றால் “நெருங்கிய சொந்தம்” என்று சொல்லி எது பொருந்தவில்லை என்பதை எழுதுங்கள். மினுக்கு மட்டும் வேறு என்றால் சிலருக்கு அது பொருட்டே இல்லை, அதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

விலையை எழுதும்போது பாட்டில் விலையோடு மில்லிக்கு எவ்வளவு என்றும் போடுங்கள். ஓ.பி.ஐ.யும் ஸோயாவும் 15 மில்லி, எஸ்ஸி 13.5, ஷனெல் 13. நம் ஊர்க் கடைகளில் வரும் பல பாட்டில்கள் இதில் பாதியளவுதான், விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு கோட்டில் மறைவதற்கும் நான்கு கோட்டில் மறைவதற்கும் ஆகும் செலவு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய மாதத்தையும் குறித்துவிடுங்கள், அதே பெயரில் கலவையை மாற்றி விடுவதும் நடக்கிறது. பாட்டிலை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்திருந்தீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். பாலிஷின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் வெளிச்சத்திலும் வயதாகும்போதும் மஞ்சளாகும், பழைய ஆலிவ் வாங்கியபோது இருந்ததைவிட ஒரு படி மஞ்சளாகத்தான் இருக்கும், அதைப் புது பாட்டிலோடு ஒப்பிட்டு “நிறம் வேறு” என்று எழுதினால் படிக்கிறவர் தவறான பாட்டிலை வாங்கிவிடுவார்.